மலையில் புதுக் கிளி: முதல் நாற்பது நாள் கவனிப்பு

நீலகிரியில் முதல்முறையாகக் கிளி வாங்குகிறவர்கள் எல்லோரும் கேட்பது, "இந்தக் குளிர் தாங்குமா?" என்பதுதான். ஆரோக்கியமான பறவையாக இருந்தால், கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கினால், தாங்கும். வீடுகளில் அதிகம் வளர்க்கும் பட்ஜி என்ற சின்னக் கிளியின் சொந்த ஊர் ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாடு. அங்கேயும் இரவில் குளிரத்தான் செய்யும். என்னைக் கேட்டால் குளிரைவிட, குளிருக்காக நாம் செய்யும் ஏற்பாடுகள்தான் கிளிக்கு அதிக ஆபத்து. ஜன்னலை இறுக மூடுவது, அறைக்குள் கரி மூட்டுவது, கூண்டைக் கம்பளியால் முழுக்கப் போர்த்துவது என்று ஒவ்வொன்றும் நல்ல எண்ணத்தில் செய்வதுதான். அதனால் அந்தப் பகுதிக்கு இங்கே கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன்.

படி 1: எந்தக் கிளி?

பச்சைக்கிளி கூடாது. கழுத்தில் வளையம் உள்ள நம்மூர்க் கிளியானாலும் சரி, மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டுமே வாழும் நீலச்சிறகுக் கிளியானாலும் சரி, வீட்டில் வைத்திருப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கிளி ஜோசியக்காரர்களிடமிருந்தே வனத்துறை பறிமுதல் செய்திருக்கிறது. சட்டத்தை விடுங்கள், பொந்திலிருந்து குஞ்சாக எடுத்துப் பையில் அடைத்துக் கொண்டுவரும் பறவைக்குப் பாதி உயிர்தான் மிச்சம் இருக்கும்.

புதிதாகத் தொடங்குபவர்களுக்குப் பட்ஜி அல்லது தலையில் கொண்டை உள்ள காக்டீல் கிளி போதும். கடையில் 'லவ் பேர்ட்ஸ்' என்று தருவது பெரும்பாலும் பட்ஜிதான். சன் கான்யூர், ஆப்பிரிக்கன் கிரே போன்ற கிளிகள், வனவிலங்கு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தமான சைட்ஸ் (CITES) பட்டியலில் வருபவை. 2024-இல் வந்த விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் அவற்றைப் பதிவு செய்ய வேண்டும். பட்ஜிக்கும் காக்டீலுக்கும் அந்த வேலை இல்லை.

படி 2: கடையில் பத்து நிமிடம் சும்மா நில்லுங்கள்

நோயைக் காட்டிக்கொண்டால் காட்டில் எதிரிக்கு இரையாக வேண்டியதுதான். அதனால் ஆள் பக்கத்தில் வந்தால் சுகமில்லாத கிளிகூட நிமிர்ந்து உட்கார்ந்துகொள்ளும். தள்ளி நின்று, அது உங்களை மறக்கும்வரை பாருங்கள். ஒற்றைக் காலில் தூங்குவது நல்ல அறிகுறி. பகலிலேயே இறகை உப்பிக்கொண்டு, இரண்டு காலையும் ஊன்றிக் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பதும், மூச்சுக்கு மூச்சு வால் மேலும் கீழும் ஆடுவதும் நல்லதல்ல.

அப்புறம் கையில் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். ஆசனவாய்ப் பக்க இறகில் எச்சம் ஒட்டியிருக்கக் கூடாது. மூக்குத் துளை ஈரமாக இருக்கக் கூடாது. அலகின் ஓரமும் மூக்கின் மேல் தோலும் வெளுத்துச் சொரசொரப்பாக, பொடிப்பொடி ஓட்டைகளோடு இருந்தால் அது உண்ணி. டாக்டரிடம் காட்டினால் தீரும், ஆனால் அதே கூண்டில் உள்ள மற்றவைக்கும் இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நெஞ்செலும்பை விரலால் தடவிப் பாருங்கள். இரண்டு பக்கமும் சதை இருக்க வேண்டும். எலும்பு மட்டும் கத்திபோல் தட்டுப்பட்டால் அந்தப் பறவை இளைத்துக்கொண்டிருக்கிறது. பட்ஜிகளுக்கு வயிற்றில் ஒரு வகைக் காளான் தொற்று வரும். தீனி தின்றுகொண்டே இருக்கும், ஆனாலும் இளைக்கும். "நல்லா சாப்பிடுது சார்" என்ற கடைக்காரரின் உத்தரவாதத்தை நம்ப முடியாதது இதனால்தான்.

பாவப்பட்டு, மூலையில் சுருண்டிருப்பதை வாங்காதீர்கள். சொல்வதற்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனால் முதல் பறவை அப்படி இருக்க வேண்டாம்.

கடையில் என்ன தீனி போடுகிறார்கள் என்று கேட்டு, அதிலேயே அரைக் கிலோ வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 3: மலையேற்றம்

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர் உயரம். ஊட்டி 2,200 மீட்டருக்கும் மேல். ஏறக்குறைய 50 கிலோமீட்டரில் பத்துப் பன்னிரண்டு டிகிரி வெப்பம் இறங்கிவிடும். உறைபனி விழும் டிசம்பர், ஜனவரியைத் தவிர்த்து, மார்ச்சுக்குப் பிறகு வாங்கினால் பாதிக் கவலை குறையும்.

காலையிலேயே கிளம்புங்கள். வெளிச்சம் இருக்கும்போது வீடு வந்தால்தான் இருட்டுவதற்குள் நாலு வாய் தின்னும். சின்னக் கூண்டு போதும், ஊஞ்சலைக் கழற்றிவிடுங்கள். கொண்டை ஊசி வளைவுகளில் தண்ணீர்க் கிண்ணம் கொட்டி மார்பு இறகு நனையும். அதற்குப் பதிலாக ஒரு துண்டு வெள்ளரிக்காய் வையுங்கள். மூன்று பக்கம் துணி, ஒரு பக்கம் காற்று. காரில் தொங்கும் வாசனைப் புட்டியைக் கழற்றி வைத்துவிடுங்கள். பேருந்து என்றால் மடியில்தான், லக்கேஜ் வைக்கும் இடத்தில் அல்ல.

படி 4: தனி அறை, மிதமான சூடு

ஏற்கெனவே வீட்டில் பறவை இருந்தால் புதியதை 30 முதல் 45 நாள் வேறு அறையில் வையுங்கள். அடுத்தடுத்த கூண்டு என்பது தனிமை ஆகாது. இறகுத் தூசியும் காய்ந்த எச்சத்தின் பொடியும் காற்றில் போகும். பழைய பறவைக்கு முதலில் தீனி, புதியதற்குக் கடைசியில், பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். இறகையும் அலகையும் கெடுக்கும் வைரஸ் நோய் ஒன்று உண்டு. வெளியே ஒன்றும் தெரியாத பறவையிடமும் அது இருக்கலாம் என்பதால் முடிந்தால் ரத்தப் பரிசோதனையும் செய்துவிடுங்கள்.

அறையில் ஒரு தெர்மாமீட்டர் மாட்டுங்கள். முதல் வாரம் 22 முதல் 26 டிகிரி, பிறகு மெல்ல வீட்டின் இயல்பான குளிருக்குப் பழக்கலாம். கூண்டு ஜன்னலுக்கு நேராக வேண்டாம், வெளிச்சுவரை ஒட்டியும் வேண்டாம். மழைக்காலத்தில் அந்தச் சுவர் வியர்த்துக் கொட்டும்.

சூட்டுக்கு, வெளிச்சம் தராத செராமிக் ஹீட்டர் பல்பு நல்லது. கூண்டுக்கு வெளியே, ஒரு பக்கம் மட்டும் வையுங்கள். சூடு அதிகமானால் கிளி மறுபக்கம் நகர்ந்துகொள்ளும். வயரை அலகுக்கு எட்டாமல் கட்டுங்கள். ஜூன், ஜூலை காற்றில் மரம் விழுந்து மின்சாரம் போவது நம் ஊரில் புதிதல்ல. வெந்நீர்ப் பையைத் துண்டில் சுற்றிக் கூண்டின் பக்கவாட்டில் வைத்தால் சில மணி நேரம் சமாளிக்கலாம். இரவில் மூன்று பக்கமும் மேலும் மூடினால் போதும். நான்காவது பக்கம் திறந்தே இருக்கட்டும்.

படி 5: புகை

இந்த ஒரு படியை மட்டும் வீட்டில் எல்லோரையும் படிக்கச் சொல்லுங்கள். கிளியின் நுரையீரலோடு காற்றுப் பைகள் இணைந்திருக்கின்றன. மூச்சை இழுக்கும்போதும் விடும்போதும் காற்று ஒரே திசையில் நுரையீரல் வழியாக ஓடும். பறப்பதற்குத் தேவையான பிராணவாயு அப்படித்தான் கிடைக்கிறது. நச்சுக் காற்றும் அதே வேகத்தில் உடம்பில் ஏறும். பிரிட்டன் நிலக்கரிச் சுரங்கங்களில் 1980கள் வரை கேனரிக் குருவிகளைக் கொண்டுபோனது இதனால்தான். மனிதருக்குத் தெரியும் முன்பே குருவி மயங்கும்.

மூடிய அறையில் கரி மூட்டிப் படுத்து மனிதர்களே இறந்த செய்தி மலையூர்களிலிருந்து வந்திருக்கிறது. நாற்பது கிராம் பறவை எம்மாத்திரம்? கணப்பு போட்டே ஆக வேண்டும் என்றால், கிளி இருக்கும் அறை வேறாக, இடையில் கதவு மூடி இருக்க வேண்டும்.

அடுத்து நான்ஸ்டிக் பாத்திரம். காலியாக அடுப்பில் மறந்துவிட்ட தவா மிகச் சூடானால் அதன் பூச்சிலிருந்து வரும் வாயு நமக்கு மணமே தெரியாமல் போகலாம், கிளி சில நிமிடங்களில் விழுந்துவிடும். மருந்தும் கிடையாது. இரும்புத் தோசைக்கல்லுக்குத் திரும்பிவிடுங்கள். புது ரூம் ஹீட்டர் வாங்கினால் முதலில் வேறு அறையில், ஜன்னலைத் திறந்து வைத்து, வாடை போகும்வரை ஓடவிடுங்கள்.

சாம்பிராணி, ஊதுபத்தி, ரூம் ஸ்பிரே, கொசுவர்த்தி எதுவும் அந்த அறையில் வேண்டாம். நீலகிரித் தைலமும் அப்படியே. சளிக்கு ஆவி பிடிக்கும்போது நமக்குச் சுகமாக இருக்கும் அந்தக் காரம் பறவையின் மூச்சுக்குழாயை எரிக்கும். "கிளி தும்முது, ரெண்டு சொட்டுத் தைலம் கூண்டு பக்கத்துல வை" என்று யாராவது பெரியவர் சொல்வார். சரி என்று தலையாட்டிவிட்டு வைக்காமல் இருந்துவிடுங்கள். சூடு ஏறட்டும் என்று பிராந்திச் சொட்டு கொடுக்கச் சொல்பவர்களுக்கும் அதே மரியாதைதான்.

வெயில் இருக்கும் நேரத்தில் தினமும் அரை மணி நேரம் ஜன்னலைத் திறந்து காற்றை மாற்றுங்கள். அந்த நேரம் கூண்டை நல்ல வெயில் படும் இடத்துக்கு, பாதி நிழலோடு கொண்டுபோகலாம். கண்ணாடி வழியாக வரும் வெயிலில் உடம்புக்கு வேண்டிய புற ஊதாக் கதிர் வடிகட்டப்பட்டுவிடும்.

படி 6: தீனியும் தண்ணீரும்

முதல் வாரம் கடையில் தின்ற அதே தீனி. புது இடத்தில் முதல் நாள் தின்னாமல் உட்கார்ந்திருக்கலாம். இங்கேதான் பலர் ஏமாறுவார்கள். கிண்ணம் நிறையத் தினை இருப்பதுபோல் தெரியும். வாயால் ஊதினால் மேலே உள்ளதெல்லாம் உமி, அடியில் ஒன்றும் இருக்காது. பட்ஜி உமியை அங்கேயே உரித்துப் போட்டுவிட்டுப் பருப்பை மட்டும் தின்னும். நிறைந்த கிண்ணத்துக்கு முன்னால் பட்டினி கிடக்கும் பறவைகள் உண்டு. காலையிலும் மாலையிலும் ஊதிப் பாருங்கள்.

தானியத்தைக் கிலோக் கணக்கில் வாங்கி வைக்காதீர்கள். மூடுபனி மாதங்களில் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சைத் தானியமும் ஈரக் கூண்டும் சேர்ந்தால் நுரையீரலில் காளான் வளரும், அதைக் குணமாக்குவது மிகக் கடினம். இறுக்கமான மூடியுள்ள டப்பா, இரண்டு வாரத்துக்கு மட்டும் வேண்டியது. முகர்ந்து பார்த்து மக்கல் வாடை வந்தால் தூக்கிப்போடுங்கள்.

தானியம் மட்டுமே தின்றால் வைட்டமின் ஏ குறையும். மூக்கும் தொண்டையும் எளிதில் தொற்றுக்கு ஆளாகும். நம்மிடம் அதற்கு மருந்து தோட்டத்திலேயே இருக்கிறது: ஊட்டி கேரட். மருந்தடித்த காய் என்பதால் நன்றாகக் கழுவி, தோல் சீவி, துருவிக் கொடுங்கள். கீரையும் நல்லது. கணவாய் மீனின் ஓடு ஒன்றைக் கம்பியில் செருகி வையுங்கள். முட்டையிடும் பெட்டைக்குச் சுண்ணாம்புச் சத்து குறைந்து, குளிரும் சேர்ந்தால் முட்டை அடைத்துக்கொள்ளும்.

கொடுக்கவே கூடாதவற்றில் முதலிடம் பட்டர் ஃப்ரூட்டுக்கு (அவகாடோ). குன்னூர்ச் சரிவுகளில் மலிவாகக் கிடைக்கிறது, குழந்தைகள் ஆசையாக ஊட்டுவார்கள். கிளிக்கு அது இதயத்தைத் தாக்கும் விஷம். ஊட்டி சாக்லேட், டீ, காபி கூடாது. வர்க்கி விஷமில்லை, வெறும் கொழுப்பு, தேவையும் இல்லை. உட்காரும் குச்சிக்குக் கொய்யாக் கிளை நல்லது. தேயிலைத் தோட்ட ஓரத்து மருந்தடித்த கிளை, அரளி, உண்ணிச்செடி, வேலியோரம் எக்காளம்போல் பூத்துத் தொங்கும் மர ஊமத்தை எதுவும் வேண்டாம்.

படி 7: காலையில் இரண்டு நிமிடம்

கூண்டின் அடியில் வெள்ளைத் தாள் விரியுங்கள். காலையில் எடுத்துப் பாருங்கள். நல்ல எச்சத்தில் மூன்று பகுதி இருக்கும்: பச்சை அல்லது பழுப்பில் சுருண்ட மலம், நடுவில் சுண்ணாம்பு வெள்ளை, சுற்றிலும் கொஞ்சம் தெளிந்த நீர். வெள்ளைப் பகுதி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினால் ஈரலில் கோளாறு இருக்கலாம். கரும்பச்சையில் பிசினாக, மிகக் குறைவாக இருந்தால் தின்னவில்லை. முதல் நாள் பீட்ரூட் கொடுத்துவிட்டு மறுநாள் "ரத்தம்!" என்று பதற வேண்டாம்.

பிறகு எடை. சமையலறை டிஜிட்டல் தராசு போதும், கிராம் காட்டினால் சரி. பட்ஜி 30 முதல் 40 கிராம், காக்டீல் 80 முதல் 100 கிராம் இருக்கும். தீனி வைப்பதற்கு முன், தினமும் ஒரே நேரத்தில் எடை போட்டுக் குறித்து வையுங்கள். பத்தில் ஒரு பங்கு குறைந்தால் பறவை எவ்வளவு சுறுசுறுப்பாகத் தெரிந்தாலும் டாக்டரிடம் போக வேண்டும்.

படி 8: நம் உடம்பு

கிளிக் காய்ச்சல் என்ற சிட்டகோசிஸ் பறவையிடமிருந்து மனிதருக்கு வரும். காய்ந்த எச்சத்தின் தூசியை மூச்சில் இழுப்பதுதான் வழி. தாளை எடுக்கும் முன் அதைத் தண்ணீர் தெளித்து நனைத்துவிடுங்கள், முகக்கவசம் போடுங்கள், அலகோடு வாய் வைத்துக் கொஞ்ச வேண்டாம். வீட்டில் யாருக்காவது காய்ச்சல், கடும் தலைவலி, வறட்டு இருமல் என்று வந்தால் டாக்டரிடம் "புதுசா கிளி வாங்கியிருக்கோம்" என்ற ஒரு வரியைச் சொல்லுங்கள். அவர்களாகக் கேட்க மாட்டார்கள், மலையில் எல்லா இருமலும் குளிர் இருமலாகத்தான் பார்க்கப்படும். சரியான ஆன்டிபயாட்டிக் கிடைத்தால் குணமாகும் நோய்தான். கர்ப்பிணிகளும் வயதானவர்களும் இந்த நாற்பது நாள் கூண்டைச் சுத்தம் செய்ய வேண்டாம்.

கடைக்காரர் தரும் மஞ்சள் பொடியைத் தண்ணீரில் கலந்து 'முன்னெச்சரிக்கையாக'க் கொடுக்காதீர்கள். பெரும்பாலும் அது அளவு தெரியாத ஆன்டிபயாட்டிக். பறவைகளின் சிட்டகோசிஸுக்கு டாக்டர்கள் 45 நாள் மருந்து கொடுப்பார்கள். மூன்று நாள் பொடி நோயை மறைக்கும், தீர்க்காது.

படி 9: டாக்டரை முன்பே தேடி வையுங்கள்

மலையில் கால்நடை மருத்துவர்கள் இருக்கிறார்கள், ஆனால் அவர்களிடம் வருவது மாடும் ஆடும் நாயும்தான். பறவை பார்ப்பீர்களா என்று கிளி நலமாக இருக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் கோயம்புத்தூரில் யார் பார்க்கிறார்கள் என்று விசாரித்து எண்ணைக் குறித்து வையுங்கள். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியும் உண்டு.

வாயைத் திறந்து மூச்சு விடுவது, கூண்டின் தரையில் உட்கார்ந்துவிடுவது, நிற்காத ரத்தம், பெட்டை அடிவயிறு வீங்கி முக்கிக்கொண்டிருப்பது: இவற்றுக்கு நாளை காலை வரை காத்திருக்கக் கூடாது. 29, 30 டிகிரி வரும்படி சூடாக வைத்து, உடனே போன் செய்யுங்கள். வாயில் எதையும் ஊற்ற வேண்டாம், புரையேறும். மே மாத சீசனில் பர்லியார் பக்கம் வண்டிகள் நகராமல் நிற்கும், அதையும் கணக்கில் வைத்துக் கிளம்புங்கள். போகும்போது அன்றைய எச்சத் தாள், எடைக் குறிப்பு, தின்கிற தானியத்தில் ஒரு பிடி, மூச்சு விடுவதைத் தள்ளி நின்று எடுத்த ஒரு நிமிட வீடியோ ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். டாக்டர் மேசையில் வைத்ததும் கிளி நிமிர்ந்து உட்கார்ந்துகொள்ளும், வீடியோதான் உண்மையைச் சொல்லும்.