மோரிஸ் மைனருக்கு டயர் மாற்றியபோது

அப்பா விட்டுச்சென்ற 1959 மோரிஸ் மைனர் காரில் ஏற்காடு இறங்கும்போது, ஈரமான ஒரு கொண்டை ஊசி வளைவில் பின்பக்கம் வழுக்கிக்கொண்டு போனது. பயந்துவிட்டேன். ஸ்டியரிங்கைப் பிரித்துப் பார்த்தோம், அலைன்மென்ட் செய்தோம். குறை டயரில்தான் இருந்தது.

யாரோ முன்னால் ரேடியல் (உள் இழைகள் ஓரத்திலிருந்து ஓரத்துக்கு நேராக ஓடும் டயர்), பின்னால் பழைய கிராஸ்பிளை (இழைகள் சாய்வாகக் குறுக்கிட்டு ஓடும் பழைய வகை டயர்) போட்டிருந்தார்கள். அப்படிப் போட்டால் முன்சக்கரம் சாலையை இறுகப் பிடிக்கும், பின்சக்கரம் முதலில் பிடி விடும். அந்தக் கிராஸ்பிளையில் பட்டன் (சாலையைத் தொடும் ரப்பர் மேடுகள்) நிறைய இருந்ததால் நல்ல டயர் என்றே நம்பியிருந்தேன். காற்றை இறக்கி ஓரத்தை அழுத்தினால் முழுக்க வெடிப்பு. ரப்பருக்கு வயதாகிவிட்டது.

அப்புறம் அளவு. பழைய டயரில் 5.20-14 என்றிருந்தது. 5.20 அங்குல அகலம், 14 அங்குல ரிம். டயரின் உயரம் அகலத்தில் எத்தனை சதவீதம் என்கிற உயர விகிதம் எழுதியிருக்காது. கிராஸ்பிளையில் உயரமும் அகலமும் கிட்டத்தட்ட ஒன்று. அதற்குப் பதிலாக 155/80 ஆர்14 ரேடியல் (அகலம் 155 மில்லிமீட்டர், உயர விகிதம் 80, ரிம் 14 அங்குலம்) சரிவருமா என்று கணக்குப் போட்டேன்: 155-இல் 80 சதவீதம் 124, இரண்டு பக்கம் 248, ரிம் 356. மொத்த விட்டம் 604 மில்லிமீட்டர். பழையதும் ஏறக்குறைய அதுவே, ஸ்பீடோமீட்டர் தப்பாகாது.

நான்கும் ஸ்டெப்னியும் ரேடியலாகவே வாங்கினேன். பக்கவாட்டில் உள்ள தயாரிப்புக் குறியீட்டின் கடைசி நான்கு எண்களைப் பார்த்துத்தான் எடுத்தேன். அவை தயாரித்த வாரமும் வருடமும். பழைய ரிம்மில் ட்யூப் இல்லாத டயரை இறுகப் பிடிக்கும் ட்யூப்லெஸ் விளிம்பு கிடையாது, அதனால் ரேடியலுக்கான ட்யூபும் உள்ளே போட்டேன்.

போன மாதம் மழையிலேயே ஏற்காடு போய்வந்தோம். அதே வளைவில் வண்டி கோடு மாறாமல் திரும்பியது.