தலைப்பு வைப்பது எப்படி? பாதியில் வெட்டுப்பட்டாலும் பொருள் மாறாத இணையத் தலைப்புகள்

இந்தத் தலைப்பைப் பாருங்கள்:

"வாட்ஸ்அப் கட்டணச் சேவையாக மாறுகிறது என்று பரவும் தகவல் பொய்"

பிழை ஏதும் இல்லை. சொல்லும் விஷயமும் சரிதான். ஆனால் போன் நோட்டிஃபிகேஷனிலோ கூகுள் தேடல் முடிவிலோ இது இப்படியும் தெரியலாம்:

"வாட்ஸ்அப் கட்டணச் சேவையாக மாறுகிறது…"

புரளியை மறுக்க எழுதிய கட்டுரையே புரளியைப் பரப்பிவிட்டது. தமிழில் வினையும் மறுப்பும் வாக்கியத்தின் கடைசியில் வருகின்றன. திரையில் இடம் போதாதபோது முதலில் காணாமல் போவதும் அந்தக் கடைசிதான். ஆங்கிலத் தலைப்புகளுக்கென்று சொல்லப்படும் விதிகளை அப்படியே தூக்கிவந்து தமிழில் பொருத்தினால் இந்தச் சிக்கல் கண்ணில் படாது.

"உள்ளே போய்ப் படித்தால் புரிந்துவிடுமே" என்று சமாதானம் சொல்லவும் வழியில்லை. ட்விட்டரில் பகிரப்பட்ட செய்தி இணைப்புகளைப் பற்றி 2016இல் வந்த ஓர் ஆய்வில், 59 சதவீத இணைப்புகளை ஒருவர்கூடச் சொடுக்கவில்லை என்று தெரிந்தது. 2020இல், இணைப்பைத் திறக்காமலே பகிரப் போகிறவரிடம் "முதலில் படிக்கிறீர்களா?" என்று கேட்கும் வசதியை ட்விட்டரே சோதித்துப் பார்த்தது. அதாவது பலருக்கு உங்கள் தலைப்புதான் முழுக் கட்டுரை.

இனி செய்முறை. ஒரே ஒரு மாதிரிக் கட்டுரையை வைத்துக்கொண்டு போவோம்: போனில் ஸ்டோரேஜ் நிறைந்துவிட்டால் என்ன செய்வது?

படி 1: கட்டுரை என்ன தருகிறது என்று ஒரு வாக்கியம்

தலைப்பை யோசிக்கும் முன் இந்த வாக்கியத்தை நிரப்புங்கள்: "இதைப் படித்து முடித்தவரால் ______ முடியும்."

நம் மாதிரிக்கு: "ஸ்டோரேஜ் நிறைந்துபோனவரால், கேமராவில் எடுத்த படங்களில் கை வைக்காமல், வாட்ஸ்அப்பில் தானாக இறங்கிய பெரிய வீடியோக்களை மட்டும் தேடிப்பிடித்து அழிக்க முடியும்."

நீளமாக இருக்கட்டும், பரவாயில்லை. இது தலைப்பு அல்ல, தலைப்புக்கான மூலப்பொருள். கோடிட்ட இடத்தை நிரப்பவே வரவில்லை என்றால் தலைப்பை விட்டுவிட்டுக் கட்டுரையைத் திருத்தப் போங்கள். எதைப் பற்றியும் உறுதியாக எதையும் சொல்லாத கட்டுரைக்கு நல்ல தலைப்பு அமையவே அமையாது.

படி 2: வாசகர் எந்தச் சொல்லைத் தட்டுகிறார்?

கூகுள் தேடல் பெட்டியில் உங்கள் விஷயத்தின் முதல் இரண்டு சொற்களைத் தட்டிவிட்டு நிறுத்துங்கள். கீழே விரியும் பரிந்துரைகள் எல்லாம் மற்றவர்கள் உண்மையில் தேடியவற்றை ஒட்டி வருபவை. ஸ்டோரேஜ் நிறைந்த பதற்றத்தில் இருப்பவர் "திறன்பேசிச் சேமிப்பக மேலாண்மை" என்று தேட மாட்டார். "போன் ஸ்டோரேஜ்" என்றுதான் தட்டுவார். நல்ல தமிழ்ச் சொல்லைக் கட்டுரைக்குள் தாராளமாகப் பழக்குங்கள். தலைப்பில் மட்டும் வாசகர் கொண்டுவரும் சொல்லுக்கு வழிவிடுங்கள்.

படி 3: கனமான சொல்லை முன்னுக்கு இழுங்கள்

மொத்த வேலையில் பாதி இந்தப் படியில்தான் இருக்கிறது.

எத்தனை எழுத்து வரை எழுதலாம் என்று எல்லோரும் கேட்பார்கள். கூகுள் எழுத்துகளை எண்ணி வெட்டுவதில்லை, திரையின் அகலத்துக்கு ஏற்ப வெட்டுகிறது. தமிழில் "ணை", "ஞ", "கௌ" போன்றவை நிறைய இடம் பிடிக்கும். அதனால் ஆங்கிலத்துக்குச் சொல்லப்படும் 60 எழுத்துக் கணக்கை நம்பாதீர்கள். இணையத்தளப் பயன்பாட்டை ஆராயும் யாக்கோப் நீல்சன் 2009இல் இரண்டு விஷயங்களைச் சொன்னார். பட்டியலை மேய்கிற கண் ஒவ்வொரு வரியிலும் ஏறக்குறைய முதல் 11 எழுத்துகளைத்தான் பார்க்கிறது. பிபிசி செய்தித் தளத்தில் அவர் எடுத்துப் பார்த்த தலைப்புகள் சராசரியாக 5 சொற்களில், 34 எழுத்துகளில் முடிந்துவிட்டன. எண்கள் ஆங்கிலத்துக்கானவை என்றாலும் பாடம் நமக்கும் பொருந்தும்: தொடக்கம்தான் தலைப்பு.

முதலில் மனத்தில் வரும் தலைப்பு பெரும்பாலும் இப்படி இருக்கும்:

"அடிக்கடி நிறைந்துவிடும் ஸ்டோரேஜில் இடத்தை மீட்டெடுப்பது குறித்து ஒரு பார்வை"

முதல் இரண்டு சொற்களில் எதைப் பற்றிய பேச்சு என்றே தெரியவில்லை. கடைசி மூன்று சொற்களுக்கு எடையே இல்லை. "ஒரு பார்வை", "ஓர் அலசல்", "சில குறிப்புகள்", "அறிய வேண்டியவை" எல்லாமே பழக்கத்தில் ஒட்டிக்கொள்ளும் வால்கள். நறுக்கிப் பாருங்கள், ஒன்றும் குறையாது. திருத்திய வடிவம்:

"போன் ஸ்டோரேஜ் நிறைந்ததா? கேமரா படங்களைத் தொடாமல் இடத்தை மீட்கலாம்"

"போன் ஸ்டோரேஜ்" முதலிலேயே வந்துவிட்டது. வாசகரின் நிஜமான பயம் ஸ்டோரேஜ் பற்றியது அல்ல, படங்கள் போய்விடுமோ என்பதுதான். அதற்கான பதில் இரண்டாம் பாதியில் இருக்கிறது. கடைசி இரண்டு சொற்கள் வெட்டுப்பட்டால்கூட "கேமரா படங்களைத் தொடாமல்…" என்று வழி ஒன்று உண்டு என்பது தெரிகிறது.

சோதனை எளிது. முதல் நான்கு சொற்களை விட்டுவிட்டு மீதியைக் கையால் மறையுங்கள். தெரிகிற பகுதி விஷயத்தைச் சொல்கிறதா? முக்கியமாக, பொருள் தலைகீழாகிறதா? மறுப்புச் செய்தி என்றால் மறுப்பை முன்னால் கொண்டுவந்தே ஆக வேண்டும். தொடக்கத்தில் பார்த்ததை "புரளி: வாட்ஸ்அப் கட்டணச் சேவையாக மாறுகிறது என்ற தகவல்" என்று திருப்பிவிட்டால் எங்கே வெட்டினாலும் கவலையில்லை. வாக்கியத்தை உடைத்து வாலைத் தலைக்குக் கொண்டுவர முக்காற்புள்ளியைவிடக் கைகொடுக்கும் குறி தமிழில் இல்லை.

படி 4: குறைந்தது பத்துத் தலைப்பு எழுதுங்கள்

வைரல் பதிவுகளுக்குப் பேர்போன அமெரிக்கத் தளமான அப்வொர்தி ஒவ்வொரு பதிவுக்கும் 25 தலைப்புகள் எழுதச் சொன்னது. தொடங்குகிறவருக்குப் பத்து போதும். முதல் நான்கைந்து யாருக்கும் வருவதாகத்தான் இருக்கும். சரக்கு தீர்ந்துபோன எரிச்சலில் எழுதும் ஏழாவது எட்டாவதில்தான் புதிதாக ஏதாவது வரும். ஒன்றில் எண்ணை வையுங்கள், ஒன்றைக் கேள்வியாக்குங்கள், இன்னொன்றில் வாசகர் செய்யும் தவறைச் சொல்லுங்கள். நம் மாதிரிக்கு:

"வாட்ஸ்அப் வீடியோக்கள்தான் உங்கள் ஸ்டோரேஜை விழுங்குகின்றனவா?"

"ஸ்டோரேஜை மீட்க 3 இடங்கள்: முதலில் வாட்ஸ்அப்பில் பாருங்கள்"

"படங்களை அழிக்காதீர்கள்: ஸ்டோரேஜ் நிறைவதற்கு வேறு காரணம் இருக்கலாம்"

மூன்றாவது எனக்குப் பிடிக்கிறது. ஆனால் "போன்" என்ற சொல் அதில் இல்லை, தேடி வருகிறவருக்கு உதவாது. பகிர்வதற்கு அதை வைத்துக்கொள்ளலாம், படி 7 பாருங்கள். எண் போட்டால் அந்த எண்ணுக்கு நேர்மையாக இருங்கள். "7 வழிகள்" என்று போட்டுவிட்டு ஒரே வழியை இரண்டாகப் பிரித்திருந்தால் வாசகருக்குத் தெரிந்துவிடும்.

படி 5: ஆர்வத்தைத் தூண்டுங்கள், விஷயத்தை ஒளிக்காதீர்கள்

"இவர் செய்த காரியம் என்ன தெரியுமா?" ரகத் தலைப்புகளைத் தினமும் பார்க்கிறோம். நடத்தைப் பொருளியல் அறிஞர் ஜார்ஜ் லோவன்ஸ்டைன் 1994இல் விளக்கியபடி, ஆர்வம் என்பது தெரிந்ததற்கும் தெரிந்துகொள்ள விரும்புவதற்கும் நடுவில் உள்ள இடைவெளியில் பிறக்கிறது. இடைவெளி வேண்டுமென்றால் ஒரு கரையாவது தெரிய வேண்டும். "இவர்" யார் என்றே தெரியாதபோது ஏது கரை? கொஞ்சம் சொல்லிவிட்டு மீதியை வையுங்கள். விஷயத்தை ஒளித்து இழுக்கும் தலைப்புகளை ஃபேஸ்புக் 2014இலும் 2016இலும் நடவடிக்கை எடுத்துப் பின்னுக்குத் தள்ளியது. போனில் கட்டுரைகளைப் பரிந்துரைக்கும் கூகுள் டிஸ்கவரும் தன் வழிகாட்டுதலில் இவற்றைத் தவிர்க்கச் சொல்கிறது.

பயமுறுத்தினால் சொடுக்கு கூடும் என்பது பொய்யல்ல. அப்வொர்தியின் சோதனைத் தரவுகளை வைத்து 2023இல் வந்த ஆய்வில், சராசரி நீளத் தலைப்பில் எதிர்மறைச் சொல் ஒன்று கூடினால் சொடுக்கு விகிதம் 2.3 சதவீதம் உயர்ந்தது. உயர்வு அவ்வளவுதான். அந்தச் சிறு லாபத்துக்காக எல்லாவற்றுக்கும் "அதிர்ச்சி!" போட்டால், உண்மையிலேயே எச்சரிக்க வேண்டிய நாளில் அந்தச் சொல் மழுங்கிப் போயிருக்கும். கட்டுரையில் ஆபத்து இருந்தால் தலைப்பிலும் இருக்கலாம்.

கேள்விக்குறியிலும் ஓர் ஏமாற்று உண்டு. கேள்வியில் முடியும் எந்தத் தலைப்புக்கும் "இல்லை" என்று பதில் சொல்லிவிடலாம் என்று பத்திரிகையாளர் இயான் பெட்டரிட்ஜ் 2009இல் கிண்டலடித்தார். உறுதிப்படுத்த முடியாததைக் கேள்வியாக்கித் தப்பிப்பவர்களுக்கு விழுந்த அடி அது. "ஸ்டோரேஜ் நிறைந்ததா?" போல வாசகரின் நிலையைக் கேட்டு உடனே பதிலையும் தரும் கேள்வியில் தவறில்லை.

படி 6: உருபைச் சரிபாருங்கள்

இடம் மிச்சப்படுத்த "ஐ" உருபை விழுங்குவது தலைப்பு எழுதுகிறவர்களின் பழக்கம். "மாணவரைத் தாக்கிய ஆசிரியர்" என்பதில் அடித்தவர் ஆசிரியர். "மாணவர் தாக்கிய ஆசிரியர்" என்று சுருக்கினால் அடி வாங்கியவர் அவரே. ஓர் எழுத்தை மிச்சம் பிடிக்கப்போய் குற்றவாளியை மாற்றிவிடுவீர்கள். வாய்விட்டு ஒருமுறை படித்தாலே இது மாட்டிக்கொள்ளும்.

படி 7: ஒரே கட்டுரை, பல இடம்

பக்கத்தில் தெரியும் தலைப்பு, தேடலுக்கான டைட்டில், பகிரும்போது தெரியும் தலைப்பு என்று மூன்றையும் தனித்தனியாகக் கொடுக்கலாம். வேர்ட்பிரஸ் தளத்தில் சேர்த்துக்கொள்ளும் யோஸ்ட் போன்ற பிளகின்களில் இதற்குப் பெட்டிகள் உண்டு. தேடலுக்கு விஷயச் சொல் முதலில். பகிர்வதற்குப் படி 4இல் ஒதுக்கிவைத்தது போன்ற ஒன்று. மூன்றும் ஒரே வாக்குறுதியைத் தர வேண்டும். நீங்கள் கொடுக்கும் டைட்டிலைக் கூகுள் அப்படியே காட்டும் என்ற உறுதியும் இல்லை. பொருந்தாததாகத் தோன்றினால் பக்கத்தில் உள்ள வேறு தலைப்பை எடுத்துக் காட்டிவிடும்.

வேர்ட்பிரஸில் எழுதுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. தமிழ்த் தலைப்பையே அது இணைய முகவரியாக்கும். அங்கே மெய்க்குப் புள்ளி, உயிர்மெய்க்கு உயிர்க்குறி எல்லாம் தனித்தனிக் குறிகள், எழுத்தும் குறியும் ஒவ்வொன்றும் 9 ஆங்கில எழுத்துக்கான இடம் பிடிக்கும். மொத்த இடமோ 200. "போன் ஸ்டோரேஜ்" என்ற இரண்டு சொல்லுக்கே நடுக்கோட்டோடு சேர்த்து 109 போய்விடும். முகவரிப் பெட்டியில் ஆங்கில எழுத்துகளில் சின்னதாக ஒன்றை நீங்களே தட்டிவிடுங்கள்.

படி 8: வெளியிட்ட பிறகு

சில வாரம் கழித்து தளம் வைத்திருப்பவர்களுக்குக் கூகுள் தரும் இலவசக் கருவியான சர்ச் கன்சோலைத் திறந்து, அந்தப் பக்கம் தேடலில் எத்தனை முறை காட்டப்பட்டது, எத்தனை சொடுக்கு என்று பாருங்கள். நல்ல இடத்தில் நிறையக் காட்டப்பட்டும் சொடுக்கு குறைவென்றால் டைட்டிலை மாற்றலாம். காட்டப்படவே இல்லை என்றால் தலைப்பை மட்டும் நோண்டிப் பயனில்லை, கட்டுரை வாசகர் தேடுவதற்குப் பதில் சொல்கிறதா என்று பார்க்க வேண்டும். டைட்டிலை மாற்றும்போது முகவரியைத் தொடாதீர்கள். ஏற்கெனவே பகிரப்பட்ட இணைப்புகள் உடைந்துவிடலாம்.