தையல் விட்டதா, துணி தேய்ந்ததா? வீட்டிலேயே உடைகளைச் செப்பனிடும் முறை

உடையில் ஓட்டை தெரிந்ததும் ஊசியைத் தேடாதீர்கள். உடையை உள்புறம் வெளியே வரும்படி திருப்பி, சன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். துணி முழுசாக இருக்க நூல் மட்டும் அறுந்திருந்தால் தையல் விட்டிருக்கிறது. ஓட்டையின் ஓரம் கெட்டியாக இருந்து, சுற்றியுள்ள துணியும் நன்றாக இருந்தால் எங்கோ மாட்டிக் கிழிந்திருக்கிறது. ஓட்டையைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்கு வெளிச்சம் சல்லடைபோல ஊடுருவினால் துணி தேய்ந்துவிட்டது. மூன்றுக்கும் வைத்தியம் வேறு. தேய்ந்த துணியை, தையல் விட்ட இடம்போல இழுத்துப் பிடித்துத் தைத்தால், அடுத்த சலவையிலேயே தையலின் ஓரமாகப் புதிதாகக் கிழியும். வீட்டில் செய்த ஒட்டு நிற்காமல் போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

கருவிகள் அதிகம் வேண்டாம். துணிக்கு மட்டும் பயன்படும் ஒரு கத்தரி (காகிதம் வெட்டினால் முனை மழுங்கும்), தையல் பிரிப்பான், அளவு நாடா, சாக், குண்டூசி, இஸ்திரிப்பெட்டி. இதில் பலரும் விட்டுவிடுவது இஸ்திரிப்பெட்டியை. ஒவ்வொரு தையலையும் தைத்த உடனே அழுத்தித் தேய்த்தால்தான் அடுத்த தையல் நேராக விழும். கடைசியில் ஒரே தடவையாகத் தேய்ப்பது அதற்கு ஈடாகாது.

ஊசி எண்ணில் ஒரு குழப்பம் உண்டு. கைத்தையல் ஊசியில் எண் கூடக்கூட ஊசி மெலியும். மெஷின் ஊசியில் எண் கூடக்கூடத் தடிக்கும். மெஷின் ஊசியில் 90/14 என்று இருந்தால், 90 என்பது ஊசித்தண்டின் விட்டம் 0.9 மி.மீ. என்பதைக் குறிக்கிறது. வாயில், ஷிபான் போன்ற மெல்லிய துணிகளுக்கு 65/9 அல்லது 70/10, சட்டைத்துணிக்கு 75/11 அல்லது 80/12, பேன்ட் துணிக்கு 90/14, ஜீன்ஸுக்கு 100/16. டி-ஷர்ட் போன்ற பின்னல் துணிக்கு எண்ணைவிட முனைதான் முக்கியம். உருண்டை முனை கொண்ட பால்பாயின்ட் ஊசி கண்ணிகளுக்கு (பின்னலின் நூல் வளையங்களுக்கு) நடுவே விலகிச் செல்லும். கூர்முனை கண்ணியை அறுத்துவிடும், நாலு சலவைக்குப் பின் தையல் ஓரத்தில் வரிசையாகப் பொடி ஓட்டைகள் தெரியும்.

நூல் துணியைவிட வலுவாக இருக்கக் கூடாது. பழைய மெல்லிய பருத்திச் சட்டையில் முரட்டு பாலியெஸ்டர் நூலைப் போட்டால், இழுபடும்போது நூல் அறாது, துணிதான் அறும். மெல்லிய பருத்திக்குப் பருத்தி நூல், மற்ற எல்லாவற்றுக்கும் சாதாரணத் தடிமனுள்ள பாலியெஸ்டர் நூல் போதும்.

தையல் விட்ட இடம்

இதுதான் எளிது. அறுந்த நூல்முனைகளை எடுத்துவிட்டு, பழைய தையல் தடத்தின் மேலேயே, விட்ட இடத்துக்கு 2 செ.மீ. முன்பே தொடங்கி 2 செ.மீ. தாண்டி முடியுங்கள். கையால் என்றால் பின்தையல். ஊசி முன்னே ஒரு எட்டு, பின்னே அரை எட்டு என்று போகும் இந்தத் தையலில் இழுத்தாலும் கொஞ்சம் இளக்கம் கிடைக்கும். வெறும் ஓட்டுத்தையல் இங்கே நிற்காது. பேன்டின் தொடையிடுக்குத் தையல் என்றால் 2 மி.மீ. நீளத் தையலில் ஒரே தடத்தில் இரண்டு முறை ஓட்டுங்கள்.

தைக்கும் முன் ஒன்றைக் கவனியுங்கள். தையலின் இருபுறமும் இழைகள் விலகி ஏணிப்படிபோலத் தெரிந்தால் அது நூலின் குறை அல்ல, உடை இறுக்கம். உள்ளே விட்ட துணி இருந்தால் பிரித்து விடுங்கள். இல்லாவிட்டால் அந்த இடம் திரும்பத் திரும்ப விடும்.

மாட்டிக் கிழிந்த இடம்

ஆணியில் மாட்டினால் துணி பாவு (நெடுக்கு இழை) வழியே கொஞ்சம், ஊடை (குறுக்கு இழை) வழியே கொஞ்சம் கிழிந்து மூலைமட்டம்போல நிற்கும். இரு ஓரங்களையும் ஒன்றோடொன்று பிடித்துத் தைத்துவிடாதீர்கள். அங்கே துணி குறைந்து, சுற்றிலும் சுருக்கம் விழும். ஓரங்கள் தொட்டுக்கொண்டு நின்றால் போதும், ஏறக் கூடாது.

கிழிசலைவிட எல்லாப் பக்கமும் 1.5 செ.மீ. பெரிதாக, மெல்லிய ஒட்டும் கேன்வாஸ் (சூட்டில் துணியோடு ஒட்டிக்கொள்ளும் உள்துணி) ஒன்றை வெட்டி உள்புறம் வையுங்கள். இஸ்திரிப்பெட்டியை இழுக்காமல், வைத்து அழுத்தி, எடுத்து, அடுத்த இடத்தில் வையுங்கள். ஒவ்வோரிடத்திலும் 10 முதல் 15 விநாடி. இழுத்தால் ஓரங்கள் நகர்ந்துவிடும். ஆறியபின் அதே நிற ஒற்றை நூலில் கிழிசலுக்குக் குறுக்காக, முன்னும் பின்னும் வரிசை வரிசையாக இழையோட்டுங்கள். கிழிசலின் மூலையிலிருந்து தொடங்கி, அதன் இரு கிளைகளின் நுனிவரை போங்கள். ஒவ்வொரு வரிசையும் கிழிசலைத் தாண்டி நல்ல துணிக்குள் 5 மி.மீ. செல்லட்டும். வரிசை திரும்பும் இடத்தில் நூலைச் சற்றே தளர்த்தி விடுங்கள், துவைத்ததும் நூல் சுருங்கினால் துணி குவியாமல் இருக்கும்.

டி-ஷர்ட்டில் விழும் பொடி ஓட்டையில் முதல் வேலை கண்ணி மேலும் ஓடாமல் தடுப்பது. ஓட்டையின் விளிம்பில் அவிழ்ந்து நிற்கும் ஒவ்வொரு கண்ணிக்குள்ளும் நூலை நுழைத்து, ஒரு சுற்று வந்தபின் மெல்ல இழுத்தால் ஓட்டை மூடிக்கொள்ளும். 5 மி.மீ.-க்குப் பெரியதை இப்படி இழுத்தால் சுருக்கம் தெரியும். அதற்கு உள்ளிருந்து அதே வகைப் பின்னல் துணியில் ஒட்டுப் போடுவதே நல்லது.

ஜீன்ஸின் தொடைப்பகுதி

அதிகம் தேய்வதும், அதிகம் தவறாகத் தைக்கப்படுவதும் இந்த இடம்தான். ஜீன்ஸ் துணியில் பாவு நீலம், ஊடை வெள்ளை. வெளியே தெரிவது பெரும்பாலும் பாவு. உரசலில் முதலில் அறுவதும் அதுவே. அதனால்தான் தேய்ந்த ஜீன்ஸில் குறுக்காக வெள்ளை இழைகள் மட்டும் தொங்கி நிற்கின்றன. இழந்தது நெடுக்கு இழை என்பதால், நாம் ஓட்டும் தையலும் நெடுக்கில், அதாவது பாவு ஓடும் திசையில் போக வேண்டும். குறுக்கே ஓட்டினால் இருக்கும் இழைக்கே துணை சேர்க்கிறோம், போனதைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

ஒட்டுத்துணி ஜீன்ஸைவிட மெல்லியதாக, ஒருமுறை துவைத்துச் சுருங்கியதாக இருக்கட்டும். துவைக்காத துணி பின்னால் சுருங்கி, மேல்துணியைக் கொப்பளம்போலக் குவிக்கும். ஓட்டையின் அளவைப் பார்த்து வெட்டாதீர்கள். மெலிந்த பகுதி எங்கே முடிகிறதோ அங்கிருந்து 2 முதல் 3 செ.மீ. தாண்டி வெட்டுங்கள். மூலைகளை வட்டமாக்குங்கள், கூரான மூலையில் இழுவிசை குவிந்து அங்கிருந்தே கிழியும். ஒட்டின் பாவு, காலின் பாவோடு ஒரே திசையில் இருக்க வேண்டும். நெடுக்கே இழுத்தால் குறைவாகவும், குறுக்கே இழுத்தால் சற்றுக் கூடுதலாகவும், மூலைவாட்டில் மிக அதிகமாகவும் இளகும் என்பதை வைத்துத் திசையைக் கண்டுகொள்ளலாம்.

ஒட்டை உள்புறம் வைத்து, கச்சாத் தையல் (பின்னால் பிரித்துவிடும் தற்காலிகத் தையல்) போட்டுப் பிடியுங்கள். 2.5 மி.மீ. நீளத் தையலில், மேலிருந்து கீழே ஒரு வரிசை. பின்னோக்கித் தைக்கும் பொத்தானை அழுத்தி அடுத்த வரிசை. துணியைத் திருப்ப வேண்டியதில்லை. வரிசைகளுக்கு இடையே 3 முதல் 4 மி.மீ., ஓட்டையின் மேல் மட்டும் 2 மி.மீ. வரிசைகள் எல்லாம் ஒரே கோட்டில் முடிய வேண்டாம். ஒன்று நீளம், ஒன்று குட்டை என்று ஏற்றத்தாழ்வாக முடித்தால் இழுவிசை பரவும். நெருக்கமாகத் தைத்தால் வலு கூடும் என்று தோன்றும். உண்மையில் அந்த இடம் அட்டைபோல விறைத்து, பக்கத்துத் துணியை அறுக்கும்.

நூல் நிறம் கருநீலம் வேண்டாம். வெளிறிய தொடையில் அது கோடுகோடாகத் தெரியும். சாம்பல் கலந்த வெளிர் நீலம் மறைந்துவிடும். உட்தொடையின் தடித்த தையல் மேட்டைத் தாண்டும்போது மிதியை விட்டுவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுழற்றுங்கள். அங்கேதான் ஊசி முறியும். இளகும் (ஸ்ட்ரெட்ச்) ஜீன்ஸ் என்றால் ஒட்டும் இளகும் துணியாக, தையல் சிறு ஜிக்ஜாகாக இருக்க வேண்டும். கடையில் கிடைக்கும் ஒட்டும் பேட்ச்சை இஸ்திரி போட்டு மட்டும் விட்டால் தொடையில் நிற்காது. தைக்கும்வரை துணியைப் பிடித்துக்கொள்ள வேண்டுமானால் பயன்படும்.

ஓட்டை விழும்வரை காத்திருக்காமல், மெலிந்ததைக் கண்டதுமே இதைச் செய்தால் பாதி நேரம்தான் ஆகும், வெளியே அடையாளமும் தெரியாது.

சட்டைக் காலரைத் திருப்புவது

நல்ல சட்டையில் முதலில் போவது காலரின் மடிப்பு. மறுபக்கம் புதிதாகவே இருக்கும். ஒரு மணி நேர வேலையில் சட்டைக்கு இரண்டாம் ஆயுள் கிடைக்கும் என்பதால் இதைக் கட்டாயம் பழகிக்கொள்ளுங்கள். ஆனால் எல்லாக் காலருக்கும் ஆகாது. நுனியில் பொத்தான் போடும் காலர் கூடாது. அடிப்பக்கம் வேறு துணி வைத்ததும், விறைப்புக் குச்சி செருகும் திறப்பு அடியில் உள்ளதும் திருப்பினால் குறை வெளியே வந்துவிடும்.

பிரிக்கும் முன் காலரின் நடுவையும், அது நிற்கும் கழுத்துப் பட்டையின் நடுவையும் வேறுநிற நூலால் குறித்துக்கொள்ளுங்கள். காலர் எந்த இடத்தில் தொடங்கி எங்கே முடிகிறது என்பதையும் பட்டையில் குறியுங்கள். பிறகு பட்டையின் மேல்விளிம்புத் தையலை மட்டும் பிரித்துக் காலரை உருவி எடுங்கள். பட்டை சட்டையோடு சேரும் கீழ்த்தையலைத் தொட வேண்டாம். தேய்ந்த மடிப்பின் மேல், அது மேலும் கிழியாதபடி ஜிக்ஜாக் ஓட்டி, காலரைப் புரட்டி, பட்டையின் இரு அடுக்குகளுக்கு நடுவே பழைய ஆழத்துக்கே செருகுங்கள். நடுக்குறியோடு நடுக்குறி சேர்த்து, நடுவிலிருந்து இருபுறமும் கச்சாத் தையல் போடுங்கள். ஒரு ஓரத்திலிருந்து தொடங்கினால் மறு ஓரத்தில் 3, 4 மி.மீ. இடறும், கழுத்துப் பொத்தான் போட்டதும் அது அப்பட்டமாகத் தெரியும். கடைசியாகப் பழைய தடத்திலேயே மெஷினில் ஓட்டுங்கள். காலரின் அடித்துணியைச் சிலர் மிகச் சற்றே சிறிதாக வெட்டியிருப்பார்கள். அதனால் திருப்பியபின் நுனி சற்று மேல்நோக்கிச் சுருளலாம். ஆவி பிடித்து அழுத்தினால் பெரும்பாலும் படிந்துவிடும்.

பிடிப்பதும் குறைப்பதும்

எந்த அளவெடுப்பும் துவைத்துத் தேய்த்த உடையில்தான். சட்டை சுற்றளவில் 8 செ.மீ. தொளதொள என்றால், ஒவ்வொரு பக்கத் தையலிலும் 2 செ.மீ. உள்ளே பிடிக்க வேண்டும். இரண்டு பக்கம், பக்கத்துக்கு இரண்டு அடுக்கு, ஆக நான்கால் வகுக்க வேண்டும். 4 செ.மீ. என்று பிடித்து உடையைப் பாழாக்குவது வழக்கமான பிழை. கைக்குழிக்கு அருகே குறைவாகப் பிடியுங்கள். அங்கே அதிகம் பிடித்தால் கையைத் தூக்கும்போது சட்டை முழுதும் ஏறும். கச்சாத் தையலோடு போட்டுக்கொண்டு, உட்கார்ந்து, கையைத் தூக்கிப் பார்த்தபின் மெஷினில் ஓட்டுங்கள். உள்ளே மிஞ்சும் துணியில் 1.5 செ.மீ. விட்டுவையுங்கள்; நாளை பிரித்துவிட வேண்டி வரலாம். அக்குள் வளைவில் மட்டும் அந்த விடுதுணியில், தையலுக்கு 2 மி.மீ. முன்வரை சிறு வெட்டுகள் கொடுங்கள், இல்லாவிட்டால் அங்கே இழுக்கும்.

ஜீன்ஸின் பழைய அடிமடிப்பை வைத்துக்கொண்டே நீளம் குறைக்கலாம். 6 செ.மீ. குறைக்க வேண்டும் என்றால், காலை வெளிப்பக்கமாக மடித்து, பழைய மடிப்பின் மேல்தையலுக்கும் புது மடிப்புக்கும் இடையே பாதியை, அதாவது 3 செ.மீ. வையுங்கள். மேல்தையலை ஒட்டி, மடிப்பின் துணியில் ஏறாமல் சுற்றித் தையுங்கள். கீழே இழுத்துவிட்டால் பழைய ஓரம் தன் நிறத்தோடு அடியில் நிற்கும். உள்ளே நிற்கும் துணியை 1 செ.மீ. விட்டு வெட்டி ஓவர்லாக் அல்லது ஜிக்ஜாக் போடுங்கள்.

கீழே குறுகும் பேன்ட்டை மடித்துத் தைத்தால் இழுப்பதேன் என்று பலர் குழம்புவார்கள். உள்ளே மடங்கும் துணியின் ஓரம், அது ஒட்டவேண்டிய இடத்தைவிடச் சுற்றளவில் சிறியது. மடிக்கப்போகும் பகுதியில் மட்டும் பக்கத்தையலைப் பிரித்து, காலின் சரிவுக்கு நேர் எதிராகச் சற்று வெளியே விரியும்படி திரும்பத் தைத்தால் சரியாகப் படியும்.

மெஷின் முரண்டு பிடித்தால்

துணியின் அடியில் நூல் கூடுபோலச் சுற்றிக்கொண்டால் எல்லோரும் பாபினை (அடிநூல் சுற்றிய உருளையை) திட்டுவார்கள். குற்றம் பெரும்பாலும் மேல்நூலில். அழுத்தும் பாதத்தைத் தாழ்த்திவைத்துக் கோத்தால், மேல்நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகள் மூடியிருக்கும், நூல் நடுவே போகாமல் வெளியே கிடக்கும். பாதத்தை உயர்த்தி மறுபடி கோத்துப் பாருங்கள். தையல் இடையிடையே விட்டுவிட்டு விழுந்தால் ஊசி மழுங்கியிருக்கும், தலைகீழாக மாட்டியிருக்கும், அல்லது அந்தத் துணிக்குப் பொருந்தாததாக இருக்கும். ஏறக்குறைய எட்டு மணி நேரத் தையலுக்கு ஒருமுறை ஊசியை மாற்றிவிடுங்கள்.

ஜிப்பை மாற்றும் முன், மேலும் கீழும் இழுக்கும் ரன்னரைப் பாருங்கள். ரன்னர் மேலே போனபின் பற்கள் பிரிந்து நின்றால், பல் போகவில்லை, ரன்னரின் வாய்தான் அகன்றுவிட்டது. ரன்னரை ஜிப்பின் அடிமுனைக்கு இறக்கி, அதன் இரு பின்விளிம்புகளையும் குறடால் ஒவ்வொன்றாக மெல்ல நெருக்குங்கள். ஒரே அழுத்தில் இறுக்கினால் ரன்னர் நகராது, உடைந்தும் போகும். ஒரு அழுத்து, ஒரு சோதனை என்று போங்கள்.