சயாம் மரண ரயில் பாதை: குடும்பத்தோடு காரில் ஒரே நாளில் பார்ப்பது எப்படி?

தாய்லாந்தின் காஞ்சனபுரிக்குப் போகும் பெரும்பாலான குடும்பங்கள் குவாய் பாலத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு பாங்காக் திரும்பிவிடுகின்றன. அந்தப் பாலம் வழியே போகும் சயாம் மரண ரயில் பாதையைப் போட்டபோது உயிர்விட்ட தமிழர்களைப் பற்றி ஒரு வரிகூடத் தெரியாமல் நம் பிள்ளைகள் அங்கிருந்து திரும்பக் கூடாது. கொஞ்சம் திட்டமிட்டால் முக்கியமான இடங்கள் எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம்.

கிளம்பும் முன் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியது

இரண்டாம் உலகப் போரில் பர்மாவில் இருந்த ஜப்பானியப் படைக்குச் சரக்கு கொண்டுபோக, 1942-43இல் 415 கிலோமீட்டர் ரயில் பாதை போடப்பட்டது. வேலை செய்தவர்கள் இரண்டு வகை. ஒருபக்கம் பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சுப் போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல். அவர்களில் 12,000க்கும் அதிகமானோர் இறந்தார்கள். இன்னொரு பக்கம் ஆசியத் தொழிலாளர்கள், சுமார் இரண்டு லட்சம் பேர். மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து ஆசைகாட்டியும் வலுக்கட்டாயமாகவும் ரயிலேற்றப்பட்ட தமிழர்கள் இவர்களில் பல்லாயிரம் பேர். இந்தத் தொழிலாளர்களில் 90,000 பேர் வரை மாண்டிருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். கைதிகளின் முகாம்களில் ராணுவ மருத்துவர்களும், பெயர்ப் பட்டியல் வைத்திருந்த அதிகாரிகளும் இருந்தார்கள். கூலிகளின் முகாம்களில் பெரும்பாலும் அப்படி யாரும் இல்லை. 1943 மழைக்காலத்தில் காலரா வந்தபோது முகாம் முகாமாக அழிந்தார்கள். பெயரை எழுதிவைக்கவும் ஆளில்லை. இதை முந்தின இரவே சொல்லிவிடுங்கள். அங்குள்ள விளக்கங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலும் தாய் மொழியிலும் இருக்கும். சின்னப் பிள்ளைகளால் படித்துப் புரிந்துகொள்ள முடியாது.

படி 1: முந்தின இரவே காஞ்சனபுரியில் தங்குங்கள்

பாங்காக்கிலிருந்து காஞ்சனபுரி ஏறக்குறைய 130 கி.மீ. அங்கிருந்து, ரயில் பாதைக்காக மலைப்பாறையை வெட்டிய இடமான ஹெல்ஃபயர் பாஸ் இன்னும் 80 கி.மீ. பாங்காக்கில் கிளம்பி அன்றே திரும்பினால் 400 கிலோமீட்டருக்கு மேல் ஓட்ட வேண்டும். மலையில் இருக்கும்போது உச்சிவெயில் பிடித்துக்கொள்ளும், ஊருக்குள் வரும்போது அருங்காட்சியகம் பூட்டியிருக்கும். காஞ்சனபுரியில் தங்கினால் அன்றைய ஓட்டம் 180 கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும்.

படி 2: காரும் காகிதங்களும்

நம் ஊர் போலவே இடப்பக்க ஓட்டம்தான். இந்திய உரிமம் வைத்திருப்பவர்கள் ஊரிலேயே ஆர்.டி.ஓ. மூலம் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிவர வேண்டும். அது இல்லாமல் விபத்து நேர்ந்தால் காப்பீட்டுப் பணம் கிடைக்காமல் போகலாம். மலேசிய, சிங்கப்பூர் உரிமங்கள் அப்படியே செல்லும். சாலை முழுவதும் தார்ச்சாலை. நான்கு பேருக்குச் சிறிய செடான் போதும். ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தனி இருக்கை சட்டப்படி வேண்டும், முன்பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள்.

கடவுச்சீட்டுகளை விடுதியில் வைத்துவிட்டு வராதீர்கள். 323ஆம் நெடுஞ்சாலை பர்மா எல்லைப் பக்கம் போவதால் வழியில் சோதனைச்சாவடி உண்டு. பாங்காக்கைச் சுற்றியுள்ள சுங்கச்சாவடிகளில் எம்-ஃப்ளோ தடத்தில் மட்டும் நுழைய வேண்டாம். அதில் கட்டணத்தைப் பிறகு இணையத்தில் கட்ட வேண்டும், மறந்தால் அபராதம். காசு வாங்கும் தடமே நல்லது.

முந்தின இரவே பெட்ரோல் நிரப்பி, வரைபடத்தைக் கைப்பேசியில் இறக்கி வையுங்கள். மலைப்பகுதியில் சிக்னல் வந்து வந்து போகும். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், தொப்பி, கொசு விரட்டி, வழுக்காத ஷூ. சைவக் குடும்பம் என்றால் எலுமிச்சைச் சாதமோ தயிர்ச்சாதமோ கட்டிக்கொள்வது உத்தமம். காய்கறி வறுவலில்கூட மீன் சாறு ஊற்றிவிடுவார்கள். கடையில் 'கின் ஜே' என்று சொன்னால் புலால் கலக்காத உணவு என்று புரியும்.

படி 3: தூரத்தில் இருப்பதை முதலில் பாருங்கள்

காலை 7.30க்குக் கிளம்பி 323இல் வடமேற்கே போங்கள். ஹெல்ஃபயர் பாஸ் விளக்க மையம் 9 மணிக்குத் திறக்கும். நுழைவுக் கட்டணம் இல்லை. 1998இல் ஆஸ்திரேலிய அரசு திறந்தது. உள்ளே முக்கால் மணி நேரம். எலும்பும் தோலுமான கைதிகளின் படங்கள் இருப்பதால் எட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளின் கையைப் பிடித்துச் சீக்கிரம் நகர்த்திவிடுவது நல்லது.

பிறகு மரப்படிகளில் இறங்கிப் பாறை வெட்டுக்குப் போங்கள். சுமார் 75 மீட்டர் நீளம், 25 மீட்டர் ஆழம். சுத்தியலும் உளியும் வெடிமருந்தும் வைத்து வெட்டியது. இரவில் தீப்பந்த வெளிச்சத்தில் எலும்புக்கூடுகளாக ஆட்கள் வேலை செய்த காட்சிதான் இந்தப் பெயருக்குக் காரணம். சுவரில் உளித் துளைகளின் தடம் இன்னும் தெரியும். பிள்ளைகளை விரலால் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். எந்தப் பலகையும் சொல்லாததை அது சொல்லிவிடும்.

இறங்குவது எளிது, ஏறுவதுதான் சிரமம். முட்டிவலி உள்ள தாத்தா பாட்டி மேலேயே மையத்தில் உட்கார்ந்திருக்கலாம். பாறை வெட்டைத் தாண்டிப் போகும் நீண்ட நடைபாதை குடும்பத்துக்கு வேண்டாம், நாளே அதில் போய்விடும். மே முதல் அக்டோபர் வரை மழையில் படிகள் வழுக்கும். நவம்பர் முதல் பிப்ரவரி வரைதான் தோதான காலம். ஏப்ரல் 25 ஆஸ்திரேலியர்களின் நினைவு நாள். விடியற்காலை அஞ்சலிக்குக் கூட்டம் திரளும். அதில் கலந்துகொள்ளும் எண்ணம் இல்லையென்றால் அந்தத் தேதியைத் தவிருங்கள்.

படி 4: தாம் கிராசே

11 மணி வாக்கில் திரும்புங்கள். வழியில் சாய் யோக் நோய் அருவி, பழைய நீராவி எஞ்சினோடு சாலையோரமே இருக்கிறது. பிள்ளைகள் சோர்ந்திருந்தால் பத்து நிமிடம் நிறுத்தலாம். அடுத்து தாம் கிராசே. மலைச்சுவரை ஒட்டி, ஆற்றுக்கு மேலே மரத்தூண்களில் நிற்கும் ரயில் பாதை. இன்றும் ரயில் ஓடுகிறது. திரும்பும் வழியில் இது வலப்பக்கம் வரும். நடுத்திட்டுச் சாலை என்பதால் திருப்பத்தைத் தாண்டிப்போய் யூ-டர்ன் எடுக்க வேண்டியிருக்கும், பதற்றப்பட வேண்டாம். ரயில் நேரத்தை நிலையத்தில் கேட்டுவிட்டுத்தான் தண்டவாளத்தில் கால் வைக்க வேண்டும். கட்டைகளுக்கு நடுவே இடைவெளி இருக்கிறது, சின்னப் பிள்ளைகளைத் தனியே விடாதீர்கள். மதியச் சாப்பாடு இங்கே.

படி 5: பிற்பகல் ஊருக்குள்

2 மணிக்குள் காஞ்சனபுரி வந்துவிட வேண்டும். ரயில்வே மையம் என்ற அருங்காட்சியகம் 4 மணிக்கு மூடிவிடும். முதலில் அதைப் பாருங்கள். நாள் முழுவதும் தனித்தனியாகப் பார்த்த இடங்கள் அங்குள்ள வரைபடங்களில் ஒன்றோடொன்று பொருந்தும்.

எதிரே போர்க் கல்லறைத் தோட்டம். பிரிட்டிஷ், காமன்வெல்த் வீரர்கள் ஐயாயிரத்துக்கு மேல், டச்சுக்காரர்கள் 1,900 பேர் அளவில். ஒவ்வொரு கல்லிலும் வெண்கலத் தகட்டில் பெயர், வயது. பிள்ளைகளை வயதைப் படிக்கச் சொல்லுங்கள்: 22, 24, 27. நுழைவுக் கட்டடத்தில் 11 இந்திய முஸ்லிம் சிப்பாய்களின் பெயரும் உண்டு. கல்மேல் உட்காரவோ ஏறவோ கூடாது.

இதை முடித்ததும் நேரே வாட் தாவோர்ன் கோயிலுக்குப் போங்கள். பக்கத்திலேயே இருக்கிறது. தோளும் முட்டியும் மறையும் உடை வேண்டும். பெயரில்லாமல் மாண்ட தமிழர்களுக்காக 2023இல் இங்கே நடுகல் நாட்டப்பட்டது. ஆயிரக்கணக்கான பெயர்களைப் படித்துவிட்டு வந்து இந்த ஒரு கல்லுக்கு முன்னால் நின்றால்தான் நடந்த அநியாயத்தின் அளவு புரியும். இந்த இரண்டையும் வரிசை மாற்றிப் பார்க்காதீர்கள். பூ வைக்க நினைத்தால் காலையிலேயே சந்தையில் வாங்கிக் காரில் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 6: பாலம்

5 மணிக்கு மேல் வெயில் தணிந்திருக்கும். வளைந்த இரும்பு வளைவுகள் பழையவை. நடுவே வளைவில்லாமல் கோண வடிவில் நிற்கும் இரண்டும், குண்டுவீச்சில் விழுந்தவற்றுக்குப் பதிலாகப் போருக்குப் பின் வைத்தவை. ரயில் வந்தால் ஒதுங்கி நிற்கப் பாலத்தின் ஓரத்தில் சின்ன மேடைகள் உண்டு. சிறிது தூரத்தில் ஜப்பானியர்களே 1944இல் எழுப்பிய நினைவுத் தூண் இருக்கிறது. அதன் கல்வெட்டுகளில் தமிழும் ஒன்று.

அன்றிரவே பாங்காக் திரும்புவதாக இருந்தால் ஓட்டுநரை மாற்றிக்கொள்ளுங்கள். ஞாயிறு மாலை என்றால் நெரிசல் நிச்சயம். இரவுச் சாப்பாட்டை முடித்து 8 மணிக்கு மேல் கிளம்பினால் சாலை ஓரளவு காலியாக இருக்கும்.