வெளிக்கத்தியும் வீட்டுக்கத்தியும்: வெட்டும் கருவிகளில் நாம் செய்யும் தவறுகள்

எங்கள் வீட்டில் இரண்டு கத்திகள் இருந்தன. ஒன்று அம்மா பாலெடுக்க ரப்பர் மரம் சீவும் கத்தி, மற்றது சமையற்கட்டுக் கத்தி. மலேசியாவில் சுங்கை சிப்புட்டுக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், வளர்ந்தவள் நான். இரவுச் சாப்பாடு முடிந்ததும் அம்மா வாசற்படியில் உட்கார்ந்து, சின்னத் தீட்டுக்கல்லில் தண்ணீர் தெளித்துச் சீவும் கத்தியைத் தீட்டுவார். கட்டைவிரல் நகத்தில் வைத்துப் பார்த்து, மனசுக்குச் சரியென்று பட்ட பிறகுதான் துணியில் சுற்றி வைப்பார். பிள்ளைகள் யாரும் அதைத் தொடக்கூடாது. அதே அம்மா மறுநாள் தக்காளியை நசுக்கி நசுக்கி அறுத்த கத்தி, கடையிலிருந்து வந்த நாள் முதல் ஒரு கல்லையும் பார்த்ததில்லை.

காரணம் பிறகுதான் புரிந்தது. ஒரு சீவலுக்கு ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் பட்டைதான் போக வேண்டும். மழுங்கிய கத்தி பட்டையைச் சீவாமல் பிய்க்கும். கை கூடுதலாக அழுத்தும், கத்தி ஆழமாக இறங்கி உள்ளே புதுப் பட்டையை உண்டாக்கும் வளர்படலத்தைத் தொட்டுவிடும். அது மரத்துக்குக் காயம். அந்த இடத்தில் பட்டை முடிச்சு முடிச்சாகத்தான் திரும்ப வளரும்; பின்னாளில் அங்கே ஒழுங்காகச் சீவ முடியாது. காயம் போட்டவரை மண்டோர், அதாவது தோட்டத்து மேற்பார்வையாளர், சும்மா விடமாட்டார். வெளிக்கத்தி மழுங்கினால் கேட்க ஆள் இருந்தது. வீட்டுக்கத்தி மழுங்கினால் யாரும் கேட்கவில்லை. அந்தப் பாரத்தை அம்மாவின் மணிக்கட்டு சுமந்தது.

அந்தத் தோட்டம் இப்போது செம்பனைக் காடு. நாங்கள் டவுனுக்கு வந்து பல வருடங்கள் ஆகின்றன. நல்ல எஃகில் செய்த ஒரு கத்தியை முதன்முதலாக வாங்கி, பயத்தங்காய் ஒரு கட்டை நறுக்கிய அன்று அடுப்பைப் பற்றவைக்கவே மறந்து நின்றேன். காய் நழுவவில்லை, நார் தொங்கவில்லை. பலகையில் 'சக் சக்' என்று ஒரே சீராகச் சத்தம். வாழைத்தண்டை வட்டம் வட்டமாக வெட்டும்போது நூல் மட்டும் விரலோடு சுற்றிக்கொண்டு வருவதும், இலையை நடுநரம்பில் ஒரே இழுப்பில் பிரிப்பதும் தனிச் சுகம். அந்தச் சுகம் நம் கைக்கு எட்டாமல் போவதற்கு விலை காரணமில்லை. சில பழக்கங்கள்தான் காரணம்.

எல்லாவற்றுக்கும் வேர், கூரான கத்தி ஆபத்து என்ற நினைப்பு. விரலை அதிகம் பதம் பார்ப்பது மழுங்கிய கத்திதான். கூர் இல்லாத கத்தி வெங்காயத் தோலில் வழுக்கும்; நாம் பலம் கொடுத்து அழுத்துவோம்; அழுத்தம் முழுவதும் இருக்கும்போது கத்தி நழுவினால் எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. கண் எரிவதற்கும் இதில் பங்குண்டு. மழுங்கிய விளிம்பு வெங்காயத்தின் செல்களை வெட்டாமல் நசுக்குகிறது. கண்ணைக் கரிக்கும் கந்தகச் சேர்மம் கூடுதலாக வெளியேறுகிறது. தோல் இறுகிய தக்காளியின் மேல் கத்தியின் எடையை மட்டும் வைத்து இழுத்துப் பாருங்கள். இறங்கவில்லை என்றால் தீட்டும் நேரம் வந்துவிட்டது.

வாங்கும்போது நடக்கும் தவறு, மரக்கட்டையில் செருகிய பதினைந்து கத்திச் செட்டைப் பார்த்து மயங்குவது. ஒரு வீட்டுக்கு 20 சென்டிமீட்டர் அளவில் ஒன்று, பழம் சீவ 9 சென்டிமீட்டர் அளவில் ஒன்று, எலும்புக்கும் தேங்காய்க்கும் கனமான ஒன்று, இவை போதும். பணம் குறைவென்றால் கிவி என்ற பெயரில் வரும் தாய்லாந்துக் கத்தி ஒன்றும் குறைந்ததல்ல. அலகு மெல்லியது, சீக்கிரம் மழுங்கினாலும் சீக்கிரம் கூராகும். ஒழுங்காகத் தீட்டிய மலிவுக் கத்தி, தீட்டாத விலையுயர்ந்த கத்தியைவிட எவ்வளவோ மேல்.

எஃகின் குணம் தெரியாமல் எல்லா வேலைக்கும் ஒரே கத்தியை எடுப்பது இன்னொரு தவறு. எஃகின் கடினத்தை ராக்வெல் எண்ணில் சொல்வார்கள். ஜெர்மன் பாணிக் கத்திகள் பெரும்பாலும் 56 முதல் 58 வரை இருக்கும். ஜப்பானியக் கத்திகள் 60க்கு மேல் போகும். எண் கூடினால் கூர் நெடுநாள் நிற்கும், ஆனால் எஃகு கண்ணாடி மாதிரி உடையும் தன்மையும் கூடும். என் ஜப்பானியக் கத்தியால் உறைந்த கோழியை ஒருமுறை கொத்தினேன். விளிம்பில் அரிசி அளவுக்கு ஒரு துண்டு பெயர்ந்து போனது. சொரசொரப்பான கல்லில் அந்தப் பள்ளத்தை மறைய வைக்க இரண்டு சாயங்காலம் பிடித்தது. நண்டு, எலும்பு, பறங்கியின் காம்பு, உறைந்த இறைச்சி எல்லாம் கனமான கத்திக்கு உரியவை.

தீட்டுவதில்தான் குழப்பம் அதிகம். கைப்பிடி போட்ட நீளமான இரும்புக் கோலில் உரசினால் கத்தி கூராகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அந்தக் கோலின் வேலை, சாய்ந்துபோன மெல்லிய விளிம்பை நிமிர்த்துவது. தேய்ந்துபோன விளிம்பைப் புதிதாக உண்டாக்குவது கல்தான். இழுத்தால் கூராகும் என்று விற்கும் சின்னக் கருவிகள் எஃகை வாரித் தின்றுவிடும். நல்ல கத்தியை அவற்றில் விட வேண்டாம். காப்பிக் கோப்பையின் அடிவளையத்தில் உரசுவது அவசரத்துக்குப் பரவாயில்லை, அதையே வழக்கமாக்கக்கூடாது.

தீட்டுக்கல்லின் எண் கூடக் கூட அது வழவழப்பாகும். 1000 எண் கல் ஒன்று வீட்டுக்குப் போதும். விளிம்பு பெயர்ந்திருந்தால் 400 எண் கல் வேண்டும்; வழவழப்பான கூர் பிடிக்குமென்றால் 3000க்கு மேல் போகலாம். கல் தண்ணீர்க் கல்லாக இருந்தால் நன்றாக நனைத்து, நகராமல் ஈரத்துணி மேல் வையுங்கள். கோணத்தில்தான் எல்லோரும் தடுமாறுவோம். ஜப்பானியக் கத்திக்கு ஒரு பக்கம் சுமார் 15 பாகை, ஜெர்மன் வகைக்குச் சுமார் 20. பாகைமானி தேவையில்லை. அலகின் அகலம் நாலரை சென்டிமீட்டர் என்றால், முதுகைக் கல்லிலிருந்து 1.2 சென்டிமீட்டர் தூக்கினால் 15 பாகை, 1.5 சென்டிமீட்டர் தூக்கினால் 20. அந்த உயரத்தைக் கை பிடித்துக்கொள்ளும்வரை மெதுவாகப் போங்கள். வேகமும் அழுத்தமும் கோணத்தைக் கெடுக்கும்.

எப்போது நிறுத்துவது? இதைச் சொல்லித் தராததால்தான் பாதிப் பேர் கல்லை வாங்கிவிட்டுக் கைவிடுகிறார்கள். ஒரு பக்கம் தீட்டிக்கொண்டே போனால் மறுபக்க விளிம்பில் மெல்லியதாக ஒரு பிசிர் எழும். விளிம்பிலிருந்து வெளிநோக்கி விரலால் தடவினால் சொரசொரப்பாகத் தட்டுப்படும். நுனி முதல் அடிவரை அந்தப் பிசிர் எழுந்த பிறகே பக்கம் மாற்ற வேண்டும். அதற்கு முன் மாற்றினால் எத்தனை மணி நேரம் தேய்த்தாலும் கூர் வராது. இரண்டு பக்கமும் எழுந்தபின் அழுத்தம் குறைத்து மாறி மாறி இழுத்துப் பிசிரை நீக்குங்கள். அம்மா நகத்தில் வைத்துப் பார்த்தது கூர் வந்துவிட்டதா என்றுதான். கூரான விளிம்பு நகத்தில் பிடிக்கும், மழுங்கியது வழுக்கும்.

கண்ணாடிப் பலகை, பீங்கான் தட்டு, எவர்சில்வர் தட்டு, மேடைக் கல் இவற்றின் மேல் வைத்து நறுக்கினால் தீட்டியதெல்லாம் ஒரே சமையலில் போய்விடும். மரப்பலகை நல்லது. நறுக்கியதைப் பாத்திரத்தில் தள்ளும்போது கத்தியைத் திருப்பி முதுகால் தள்ளுங்கள். மேசை இழுப்பறையில் கரண்டிகளோடு போட்டு உருட்ட வேண்டாம்.

நம் ஊர் ஈரம் எஃகுக்குப் பகை. துருப்பிடிக்காத எஃகு என்று சொல்லப்பட குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் வேண்டும். அப்படிப்பட்டதும் புளி, எலுமிச்சை, உப்பு, பிளாச்சான் என்னும் இறால் விழுது பட்டு இரவெல்லாம் சிங்கில் கிடந்தால் புள்ளி விழும். குரோமியம் அவ்வளவு இல்லாத கார்பன் எஃகுக்குப் பத்து நிமிடம் போதும். அதில் நாள்பட வரும் நீலச் சாம்பல் படிவைப் பார்த்துப் பயந்து தேய்க்காதீர்கள். அது துருவைத் தடுக்கும் படலம். செம்மஞ்சள் நிறம்தான் துரு. பலாப்பழம் அறுக்கும் முன் கையோடு கத்திக்கும் எண்ணெய் தடவினால் பால் ஒட்டாது. முடிந்ததும் உடனே கழுவி, துடைத்து, நிற்க வைத்து உலரவிடுங்கள்.

வீட்டுப் பின்புறத்துக்கு வருவோம். முருங்கை, கறிவேப்பிலை, செம்பருத்தி, மல்லிகை, நாலு வாழை இல்லாத வீடு இங்கே குறைவு. ஆனால் மல்லிகைக் கொடியைச் சமையல் கத்தரிக்கோலால் மென்று துப்புவோம். செடி கொடிகளை வெட்டிவிடும் கவாத்துக் கத்தரி இரண்டு வகை. இரண்டு அலகும் ஒன்றையொன்று கடந்து போவது பச்சைத் தண்டுக்கு. ஒரு கூரான அலகு தட்டையான மேடை மேல் வந்து உட்காருவது காய்ந்த கிளைக்கு. இரண்டாவதைப் பச்சைத் தண்டில் போட்டால் தண்டு நசுங்கி, அந்த இடம் அழுகும். முதல் வகையிலும் பிடிக்கும் பக்கம் உண்டு: மெல்லிய கூர் அலகு செடியில் நிற்கப்போகும் பகுதியை ஒட்டியிருக்க வேண்டும், தடித்த கொக்கி அலகு விழப்போகும் பகுதிப் பக்கம். மாற்றிப் பிடித்தால் குச்சி மிஞ்சும், பட்டை நசுங்கும். மொட்டுக்கு அரை சென்டிமீட்டர் மேலே, சாய்வாக ஒரே வெட்டு. இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் தடித்த கிளையை முறுக்கி முறுக்கி வெட்டாதீர்கள், அதற்கு ரம்பம் இருக்கிறது. தீட்டும்போது கூர் அலகின் சரிவான பக்கத்தை மட்டும் தீட்டுங்கள். தட்டையான பக்கத்தில் பிசிரை நீக்கினால் போதும். அங்கே சரிவு உண்டாக்கினால் இரண்டு அலகுக்கும் நடுவே இடைவெளி விழும். முடிந்தால் உதிரி பாகம் கிடைக்கும் கத்தரியாக வாங்குங்கள். 1945இல் தொடங்கிய சுவிஸ் நிறுவனமான ஃபெல்கோவின் கத்தரிகளில் அலகு, சுருள்வில் எல்லாம் தனித்தனியாகக் கிடைக்கின்றன. நானும் அதைத்தான் வைத்திருக்கிறேன்.

மன்னிக்க முடியாத தவறு என்று நான் நினைப்பது, ஒரு மரத்தை வெட்டிய கத்தியைத் துடைக்காமல் அடுத்த மரத்துக்குப் போவது. வாழையைத் தாக்கும் ரத்த நோய் ஒரு பாக்டீரியாவால் வருவது. காயை அறுத்தால் உள்ளே செம்பழுப்பாக அழுகியிருக்கும். மலேசியாவில் அது இருக்கிறது. பூச்சியோடு சேர்ந்து நம் பாராங் என்னும் வெட்டுக்கத்தியும் அதை மரத்துக்கு மரம் சுமந்து போகும். 70 சதவீத ஆல்கஹால் நனைத்த துணியால் ஒவ்வொரு மரத்துக்கும் இடையில் துடையுங்கள். குளோராக்ஸ் என்னும் வெளுப்பான் கலந்த தண்ணீரும் உதவும், ஆனால் அது எஃகை அரிக்கும். கழுவித் துடைத்து எண்ணெய் போட்டாக வேண்டும்.

பாராங்கைப் பட்டறைச் சாணையில் கொடுத்தால் தீப்பொறி பறக்கப் பளபளவென்று வரும். விளிம்பு நீலமாக மாறியிருந்தால் போச்சு. அந்த நிறம் சுமார் 300 பாகை செல்சியஸில் வருவது; எஃகின் பதம் இறங்கி, அந்த இடம் இனி கூரைத் தாங்காது. அரத்தால் கையில் தீட்டுவது மெதுவானாலும் பாதுகாப்பு. காரின் பின்பெட்டியில் பாராங்கை எப்போதும் போட்டு வைக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். தக்க காரணமில்லாமல் பொது இடத்தில் இத்தகைய ஆயுதம் வைத்திருப்பது மலேசியாவின் 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், தண்டனையும் கடுமை. வேலைக்குப் போகும்போது உறையிட்டு எடுத்துப் போய், வேலை முடிந்ததும் வீட்டில் வையுங்கள்.

ஆயுத பூஜையையும் சொல்லிவிடுகிறேன். லயத்தில் சீவும் கத்தி, பாராங், மண்வெட்டி எல்லாம் சாமி படத்தின் முன் வரிசையாக இருக்கும். ஈரச் சந்தனமும் குங்குமமும் இரவெல்லாம் இருந்தால் கார்பன் எஃகில் பொட்டு வடிவத்திலேயே துரு பிடிக்கும். அம்மா அலகில் வைக்காமல் கைப்பிடியில்தான் வைப்பார். இப்போது சமையற்கட்டுக் கத்தியும் அந்த வரிசையில் இருக்கிறது. விஜயதசமி காலையில் துடைத்து, எண்ணெய்த் துணியால் ஒரு தடவு தடவி அம்மாவிடம் கொடுப்பேன். நகத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, பின்பக்கம் போய் அன்றைய சாப்பாட்டுக்கு வாழையிலை அறுத்துக்கொண்டு வருவார்.