காபிச் செடியை வைத்து கேம் எழுதப் பழகுங்கள்

கேம் எழுதக் கற்றுக்கொள்ள ஆசை என்றால் துப்பாக்கி, கார் ரேஸ் எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் ஒரு செடியை எடுங்கள். செடி ஓடாது, எதையும் போய் இடிக்காது, நமக்கு வேலை மிச்சம். நான் எடுத்தது காபி. வீடு சேலத்தில், ஞாயிற்றுக்கிழமை இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் ஏற்காட்டில் நேரிலேயே பார்த்துவிட்டு வரலாம். நீங்களும் பக்கத்தில் போய்ப் பார்க்க முடிகிற செடியாக எடுங்கள், மரவள்ளி என்றாலும் சரி.

கேம் எழுத உதவும் மென்பொருளில் கோடோ (Godot) இன்ஜின் போதும், காசு கிடையாது.

எல்லோரும் செய்யும் முதல் தப்பை நானும் செய்தேன். ஒவ்வொரு ஃபிரேமிலும், அதாவது திரையில் படம் மாறும் ஒவ்வொரு முறையும், உயரத்தைக் கொஞ்சம் கூட்டு என்று எழுதினேன். என் பழைய லேப்டாப்பில் நொடிக்கு 30 ஃபிரேம், நண்பனுடைய கம்ப்யூட்டரில் 144. அவன் செடி திரையைத் தாண்டிப் போய்விட்டது, என்னுடையது அப்போதுதான் இலை விட்டிருந்தது. அதனால் செடிக்குத் தனிக் காலண்டர் கொடுங்கள்: டெல்டாவை (போன ஃபிரேமிலிருந்து ஆன நேரம்) கூட்டிக்கொண்டே வந்து, 2 நொடி ஆனால் ஒரு நாள். நாள் மாறும்போது மட்டும்தான் வளர்ச்சிக் கணக்கு, மற்ற நேரமெல்லாம் வரைவது மட்டும்.

உருவத்துக்கு எல்-சிஸ்டம். லிண்டன்மேயர் என்ற உயிரியலாளர் 1968-இல் கொண்டுவந்த முறை. ஒரு எழுத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சில எழுத்துகளைப் போடுவது, அவ்வளவுதான். காபியில் நடுத்தண்டு நேராகப் போகும், கணுவுக்கு இரண்டு கிளை எதிரெதிராக, கிட்டத்தட்ட படுக்கையாக நீளும். எனவே ந நுனி, த தண்டு, க கிளைநுனி:

ந → த[+க][-க]ந
க → தக

ந-வில் தொடங்கி, எல்லா எழுத்தையும் ஒருமுறை மாற்றுவது ஒரு சுற்று என்றால், இரண்டு சுற்றில் த[+தக][-தக]த[+க][-க]ந என்று வரும். த என்றால் ஒரு அடி கோடு, + இடப்பக்கம் திரும்பு, - வலப்பக்கம், [ இருக்கும் இடத்தை நினைவில் வை, ] அங்கேயே திரும்பி வா. கோணம் 75 டிகிரி வைத்தேன். கீழ்க்கிளை நீளமாகவும் மேல்கிளை குட்டையாகவும் தானாகவே வந்துவிடும். முதலில் கிளைக்கு ஆசையாக 'கி' என்று வைத்து ஒரு ராத்திரி முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டேன். கம்ப்யூட்டருக்கு அது க ஒன்று, கொக்கி ஒன்று, ஆக இரண்டு எழுத்து. உயிர்மெய்யில் அகர எழுத்து மட்டும் வையுங்கள்.

அடுத்து வெப்பம். அன்றைய அதிக வெப்பம், குறைந்த வெப்பம் இரண்டின் சராசரியில் 10 கழித்தால் அன்றைய வளர்ச்சிப் புள்ளி. புள்ளி போதுமான அளவு சேரும்போதெல்லாம் எல்-சிஸ்டத்தில் ஒரு சுற்று. ஏற்காட்டுக்கு 26-ம் 16-ம் கொடுத்தால் 11 வரும், சேலத்துக்கு 36-ம் 26-ம் கொடுத்தால் 21. அதாவது என் கேமில் காபி ஏற்காட்டைவிட சேலத்தில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வேகமாக வளர்ந்தது! எந்தத் தோட்டக்காரரிடம் சொன்னாலும் சிரிப்பார். அரபிகா என்ற காபி வகைக்கு 18 முதல் 22 டிகிரிதான் சுகம். மேல் வரம்பு ஒன்று போட்டு, சராசரி 22-ஐத் தாண்டியதும் புள்ளியைக் குறைத்துக்கொண்டே வந்து 30-இல் பூஜ்யம் ஆக்கினேன்.

பூவுக்கு நிலைகள் எழுத வேண்டும்: மொட்டு, உறக்கம், விழிப்பு, பூ, காய். மொட்டு வறட்சியில் தூங்கும், மார்ச், ஏப்ரலில் ஒரு நல்ல மழை பெய்தால் விழித்து, ஒன்பது பத்து நாளில் மொத்தமாக வெள்ளையாகப் பூக்கும். பூ இரண்டு மூன்று நாள்தான். காய் பழுக்க எட்டு ஒன்பது மாதம்.

இதை எழுதி நண்பனுக்கு அனுப்பினேன். மறுநாளே போன்: "டேய், உன் செடி பூக்கவே மாட்டேங்குது, தினமும் தண்ணி ஊத்திக்கிட்டுத்தான் இருக்கேன்."

"அதான்டா பூக்கல. ஒரு மாசம் ஊத்தாம விடு."