ஆசிரியர் தின மேடையில் இராதாகிருஷ்ணன்: நாங்கள் வழக்கமாக விடும் பிழைகள்

செப்டெம்பர் பிறந்தால் போதும், வட்ஸ்அப் குழுக்களில் தலைப்பாகையும் மூக்குக்கண்ணாடியுமாக ஒருவருடைய படம் சுற்றத் தொடங்கிவிடும். அவர் டாக்டர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன். செப்டெம்பர் 5 அவர் பிறந்த நாள். 1962 முதல் இந்தியாவில் அதுதான் ஆசிரியர் தினம். இலங்கையில் நாங்கள் கொண்டாடுவது ஒக்டோபர் 6. அதற்கு முதல்நாள் உலக ஆசிரியர் தினம். இந்த மூன்றும் எங்கள் பிள்ளைகளின் பேச்சில் ஒன்றாய்க் குழம்பிவிடுகின்றன. எங்கள் மட்டக்களப்புப் பக்கம், கல்லடியிலோ களுவாஞ்சிக்குடியிலோ ஒக்டோபர் மாதத்து மேடையில் ஒரு பிள்ளை ஏறி, "இன்று அவருடைய பிறந்தநாள்" என்று அடித்துச் சொல்லும். இணையத்தில் கிடைத்த இந்தியப் பேச்சை அப்படியே பாடமாக்கினால் இப்படித்தான் வரும். பிழை பிள்ளையுடையதல்ல, எழுதிக் கொடுத்த பெரியவருடையது.

அடுத்தது, "இந்தியாவின் முதலாவது குடியரசுத் தலைவர்". அது இராஜேந்திர பிரசாத். இராதாகிருஷ்ணன் 1952 முதல் 1962 வரை முதலாவது துணைக் குடியரசுத் தலைவர், பிறகு 1967 வரை இரண்டாவது குடியரசுத் தலைவர்.

பதவிகளை அடுக்குவதோடு பேச்சை முடித்துவிடுவது இதைவிடப் பெரிய பிழை. அவரை ஆசிரியர் தினத்தில் நினைப்பதற்குக் காரணம் வகுப்பறைதான். சென்னையிலும் மைசூரிலும் கல்கத்தாவிலும் மெய்யியல் படிப்பித்தவர், பிறகு ஒக்ஸ்போர்டில் பேராசிரியர். 1921 இல் மைசூரை விட்டுக் கல்கத்தாவுக்குப் புறப்பட்டபோது, பூவால் சோடித்த வண்டியில் அவரை ஏற்றி, மாணவர்களே புகையிரத நிலையம் வரை இழுத்துப் போனார்கள். அந்த நேரம் அவரிடம் அரசாங்கப் பதவி ஒன்றும் இல்லை. பத்து நிமிடப் பேச்சில் இந்த ஒன்றைச் சொன்னாலே பின்வரிசைப் பிள்ளையும் காது கொடுத்துக் கேட்கும்.

இராதாகிருஷ்ணனைப் பேசுவதில் குற்றமில்லை. அவரை மட்டும் பேசிவிட்டு இறங்குவதுதான் எனக்குப் பொறுக்காது. ஆசிரியராகத் தொடங்கி, சட்டத்தரணியாகி, 1931 இல் எங்கள் நாட்டின் முதலாவது கல்வி அமைச்சரான சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா, இலவசக் கல்வியின் தந்தை. அந்த மண்டபத்தில் இருக்கும் எல்லாப் பிள்ளைகளும் சம்பளம் கட்டாமல் படிப்பது அவர் போட்ட வழியால்.

சுவாமி விபுலாநந்தரைச் சொல்லவே தேவையில்லை, ஆனாலும் சொல்லாமல் விடுகிறார்கள். இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியர் அவர். அவருடைய சமாதி கல்லடி உப்போடையில் இருக்கிறது, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நடந்தே போய்ப் பார்த்துவரலாம். அவர் மட்டக்களப்பாரா அம்பாறையாரா என்று இழுபறிப்படுவதும் வீண் வேலை. 1892 இல் அவர் காரைதீவில் பிறந்தபோது அந்த ஊர் மட்டக்களப்பைச் சேர்ந்தது. அம்பாறை மாவட்டம் 1961 இல்தான் பிரிந்தது.

இனி மேடைக்குக் கீழே நடப்பவை. பரிசுக்கென்று வகுப்பில் காசு சேர்ப்பதில் கவனம் வேண்டும். காசு கொண்டுவராத பிள்ளையின் பெயரைக் கொப்பியில் எழுதி, எல்லோர் முன்னாலும் வாசிக்கும் மாணவத் தலைவரைத் தடுக்க ஆளில்லை. அந்தக் காசில் வாங்கிய சுவர் மணிக்கூட்டை எந்த சேர் சந்தோசமாக வீட்டுக்குக் கொண்டுபோவார்? பிள்ளை கையால் எழுதிய ஒரு வாழ்த்து மட்டை போதும்.

எங்கள் பக்கத்தில் தமிழ், முஸ்லிம் ஆசிரியர்கள் ஒரே பாடசாலையில் படிப்பிப்பது புதினமில்லை. கிறிஸ்தவ ஆசிரியர்களும் இருக்கிறார்கள். வாசலில் எல்லோருக்கும் குங்குமத்தை நீட்டுவதும், வரிசையாகக் காலில் விழச் சொல்வதும் சிலரைச் சங்கடத்தில் மாட்டிவிடும். முதல்நாளே போய் "சேர், உங்களுக்கு எப்படி வசதி?" என்று கேட்டு வைத்தால் பிரச்சினையே இல்லை. சாப்பாட்டுக்கும் அதே கதைதான், ஹலால் கடையில் எடுத்தால் எல்லோரும் ஒன்றாக இருந்து சாப்பிடலாம்.

கடைசியாக, அரசியல்வாதிக்காக ஆசிரியர்களை வெயிலில் காக்க வைக்காதீர்கள். அவர் வரும்போது வரட்டும். முதல் பொன்னாடை ஓய்வுபெற்ற ஆசிரியர்களுக்கு, அதுவும் விழா தொடங்கிய கையோடு. அவர்களைக் கூட்டிவரவும் திரும்பக் கொண்டுபோய் விடவும் ஒரு ஓட்டோவுக்குச் சொல்லி வையுங்கள்.